இன்ஜினியரிங் பேராசிரியர் துணைவேந்தர் ஆக முடியுமா?

ஆந்திராவின் குப்பம் ஊரில் பி.டெக். படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். தாராளமாக முடியும். குப்பத்தில் ரயிலேறினால் ஜோலார்பேட்டை தாண்டி வருகிற வாணியம்பாடியில் 1928-இல் பிறந்த மு. ஆனந்தகிருஷ்ணனே நல்ல உதாரணம்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்தார், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார், அப்புறம் கான்பூர் ஐஐடியில் பேராசிரியர். நடுவில் வாஷிங்டன் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், ஐ.நா. பணி. 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

நான் அவரை மதிப்பது பதவிக்காக அல்ல. கல்லூரி கல்லூரியாக அலையாமல், ஒரே இடத்தில் காலியிடப் பட்டியலைப் பார்த்து, மதிப்பெண் வரிசைப்படி மாணவரே கல்லூரியையும் பிரிவையும் தேர்ந்தெடுக்கும் ஒற்றைச் சாளர முறை தமிழ்நாட்டில் வந்ததில் அவர் பங்கு பெரிது. சிபாரிசுக்கு ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நுழைவுத் தேர்வை ஆராய்ந்த குழுவுக்கும் அவரே தலைவர். 2007-இல் அந்தத் தேர்வு ஒழிந்தது.

சரி, விதிமுறை? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும். தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க அமைக்கப்படும் தேடல் குழு மூன்று முதல் ஐந்து பெயர்களைத் தரும். அதிலிருந்து ஒருவரை வேந்தர் (மாநிலப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஆளுநர்) நியமிப்பார். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குழு ஒரே பெயரைக் கொடுத்ததால், 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே ரத்து செய்தது. ஆகவே தம்பி, முதலில் முனைவர் பட்டத்துக்கு நல்ல வழிகாட்டியைத் தேடுங்கள்.