மணவறைக்கு எந்த நிறம்?

கேள்வி: ஆவணியில் மகளுக்குக் கலியாணம். கொழும்பில் மண்டபம் எடுத்துவிட்டோம். ஆடம்பரம் வேண்டாம், பழைய கலியாண வீடுகளில் இருந்த அடக்கமான அழகுதான் வேண்டும் என்கிறாள் மகள். மணவறைச் சோடனைக்கு வெள்ளை நல்லதா, சந்தன நிறம் நல்லதா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சந்தன நிறமே இருக்கட்டும் அம்மா. நிறத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து இல்லை. ‘பழைய கலியாண வீடு’ என்று எழுதினீர்களே, அதைத்தான் பேசவேண்டும்.

அந்த வீடுகளில் கடைசி வரிசையில் இருந்த கிழவிக்கும் தாலி ஏறுவது தெரிந்தது. இன்று வீடியோக்காரரும் படப்பிடிப்பாளரும் மணவறையைச் சுற்றி அரண் கட்டி நிற்கிறார்கள். வந்த சனம் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுடைய முதுகைப் பார்க்கிறது. இதை முன்பும் இந்தப் பக்கத்தில் எழுதினேன். கோபக் கடிதங்கள் வந்தன. இன்னும் அதையேதான் சொல்கிறேன்: தாலி கட்டும் நேரத்தில் கமரா ஒன்று போதும், அதுவும் பக்கவாட்டில் நிற்கட்டும். இதை முற்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

சோடனையில் மிச்சம் பிடிக்கும் காசை மேளத்துக்குக் கொடுங்கள். கொழும்பில் ஒரு மண்டபத்தில் நான் கண்டது இன்னும் மனதை அறுக்கிறது. நாதஸ்வரக்காரர் காம்போதி ராகத்தை விரித்துக்கொண்டிருக்கிறார், தவில் மெல்லச் சேர்கிறது. இரவு விருந்துக்குப் பாட்டுப் போடுகிற பொடியன் ஒருவன் வந்து, ஒலிபெருக்கி சரிபார்க்கவேண்டும், கொஞ்சம் நிற்பாட்டுங்கள் என்றான். வீட்டுக்காரர் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வித்துவான் நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளியைக் கழற்றித் துடைத்தபடி இருந்தார்.

யாருடைய கலையை நிற்பாட்டுகிறோம் என்று தெரிய வேண்டாமா? யாழ்ப்பாணத்து ஊர்களான இணுவிலும் அளவெட்டியும் வளர்த்தெடுத்த கலை அது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைத் தமிழ்நாட்டு நாதஸ்வர மேதைகள் தேடி அழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். 1975இல் அவர் மறைந்தபோது 42 வயதுகூட நிரம்பவில்லை. தவிலை ஒருமுறை கிட்ட இருந்து பாருங்கள். பலாமரத்தில் குடைந்த உடல். ஒரு கையில் பூவரசங்கழி, மறு கை விரல்களில் கல்லுப்போல இறுகிய கூடுகள். அந்தக் கையிலிருந்து அத்தனை நுணுக்கமான தாளச் சொற்கள் விழுகின்றன! தாலி ஏறும் நேரத்தில் அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் வைத்தார்கள். அந்த நேரத்தில் ஒலிநாடாவைப் போடும் மண்டபங்களும் வந்துவிட்டன.

தோரணம் பற்றியும் ஒன்று. வாசலில் குலையோடு வாழை, நிறைகுடம், குத்துவிளக்கு இருந்தால் வேறெதுவும் தேவையில்லை. ஆனால் தென்னங்குருத்துத் தோரணத்தைத் தெரிந்தவரைக் கொண்டு பின்னுவியுங்கள். குருத்தைக் குருவிபோல மடித்துப் போடும் முடிச்சைக் குருவி என்பார்கள். மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி, செத்த வீட்டுக்கு மூன்று. சோடனைக்காரர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கட்டியபிறகு ஒரு பெரியவர் எண்ணிப் பார்த்து முகம் சுளித்தால் அன்றைய நாளே கெட்டுவிடும். பிளாஸ்டிக் தோரணத்தைப் படிக்கட்டிலேயே திருப்பி அனுப்புங்கள்.

ஆவணி முகூர்த்தத்துக்கு நல்ல மேளக்காரரை நாலு பக்கமும் கேட்பார்கள், ஆகவே இந்த வாரமே யாழ்ப்பாணத்துக்குக் கதையுங்கள். முதல்நாளே வந்து இறங்கினால் தங்க ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். வாசித்து முடிந்ததும் சமையற்கட்டு மூலையில் சோற்றுப் பொதியை நீட்டவேண்டாம். சம்பந்தி வீட்டார் இருக்கும் பந்தியில் அவர்களுக்கும் இலை போட்டு, நீங்களே நின்று பரிமாறுங்கள்.