பட்டாளத்தார் பதில்கள்: பெட்டியோடு வந்தவன்

போன இதழில் பென்ஷன் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "1999இல் கார்கில் சண்டை நடந்த சமயம் நான் திருவனந்தபுரம் பாங்கோடு பட்டாள முகாமில் இருந்தேன், அடக்கப் பார்ட்டியில்" என்று போகிறபோக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். பென்ஷன் கடிதங்களைவிட அந்த வரிக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். சரி, இந்த முறை முழுக்க அதற்கே. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருந்தார்கள்.

கே: சண்டை நடந்தது வடக்கே. திருவனந்தபுரத்தில் இருந்த உங்களுக்கு அதில் என்ன வேலை? (மார்த்தாண்டம்)

நியாயமான கேள்விதான். மேலே கார்கிலில், திராஸ் பக்கம் ஒருவன் விழுந்தால் முதலில் அவனை மலையிலிருந்து சாலைக்கு இறக்க வேண்டும். 15,000 அடிக்கு மேலே, இருட்டில், கூட இருந்தவர்களின் தோளில். அங்கிருந்து ஸ்ரீநகர், பிறகு டெல்லியின் பாலம் விமான நிலையம், அப்புறம் சொந்த ஊருக்குப் பக்கத்து விமான நிலையம். நம் குமரி மாவட்டத்துக்கு அது திருவனந்தபுரம். விமானத்திலிருந்து இறக்கி, வீட்டு முற்றத்தில் கொண்டு வைத்து, குழிவரை கூடவே போவது பக்கத்திலிருக்கும் யூனிட்டின் வேலை. அந்த ஜூன், ஜூலையில் நான் நான்கு முறை போனேன். மூன்று கேரளத்துக்குள். ஒன்று நம் மாவட்டத்தில், மேற்கே ஒரு மலையோர ஊர். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை.

பூ கட்டிய லாரி பாறசாலை தாண்டி வரும்போது மழை. களியக்காவிளை செக்போஸ்ட்டில் கம்பு ஏற்கெனவே தூக்கியிருந்தது. குழித்துறைப் பாலத்தில் எதிரே வந்த பஸ் நின்றது. டிரைவர் இறங்கி, மழையில், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஊருக்கு லீவில் வரும்போதெல்லாம் கடந்த அதே பாலம்.

கே: என் பெரியப்பா 1971 போரில் இறந்தார். உடல் வரவில்லை. பெயரும் நம்பரும் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டிதான் வந்தது. அவரை அனுப்ப யாரும் மெனக்கெடவில்லையா? (குளச்சல்)

அப்படி நினைக்காதீர்கள் ஐயா. 1962, 65, 71 மூன்று போரிலும் பெரும்பாலும் களத்துக்கு அருகிலேயே தகனமோ அடக்கமோ செய்துவிடுவார்கள். கூட இருந்தவர்கள்தான் மகன் ஸ்தானத்தில் நின்று செய்திருப்பார்கள். முடிந்தவரை உடலை வீட்டுக்கே அனுப்புவது என்று முடிவானது கார்கிலில்தான். அதனால்தான் அந்தச் சண்டை நம் ஊர் முற்றம்வரை வந்தது. டிரங்குப் பெட்டியை விற்றுவிடாதீர்கள்.

கே: நான் என்.சி.சி.யில் இருக்கிறேன். இந்த டிரில்லை எப்படிப் பழகினீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள் அங்கிள். (குலசேகரம்)

உனக்கு விவரமாகவே சொல்கிறேன் மக்களே. ரெக்ரூட் காலத்தில் ஒரு முறை காட்டுவார்கள், அதோடு மறந்துவிடும். அந்த ஜூனில் சுபேதார் சாப் எங்களை வரிசையாக நிறுத்தி உயரம் பார்த்துப் பிரித்தார். பெட்டி தூக்குகிறவர்கள் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஓர் அங்குலம் கூடியவன் தோளில் மொத்தப் பாரமும் இறங்கிவிடும். வெடிமருந்துப் பெட்டியில் மணல் மூட்டை போட்டுப் பழகினோம், வண்டி ஷெட்டுக்குப் பின்னால். மைதானத்தில் பழகினால் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து பெண்கள் பார்ப்பார்கள்.

நடை "தீரே சல்". அதாவது ஸ்லோ மார்ச். கேட்க எளிது. ஒரு காலைத் தரையை உரசாமல் முன்னே கொண்டுபோய், நிறுத்தி, வைக்க வேண்டும். தோளில் பாரத்தோடு செம்மண் சேற்றில் அதைச் செய்து பார். இறந்தவர் கால் முன்னே போகும்படிதான் பெட்டி போகும்.

துப்பாக்கிக்காரர்களுக்கு இரண்டு கட்டளை முக்கியம். "சலாமி ஷஸ்திர" உனக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று "ஷோக் ஷஸ்திர". துப்பாக்கியைத் தலைகீழாக்கி, குழல் நுனியை இடது பூட்ஸின் மேல் வைத்து, கட்டையின் மேல் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தலையைக் குனிய வேண்டும். டெல்லியில் மலர்வளையம் வைக்கும்போது டிவியில் காட்டுவார்கள், கவனித்துப் பார். டிவியில் தெரியாத ஒன்று: தலை குனிந்தால் மழை பிடரி வழியாக நேரே முதுகுக்குள் இறங்கும். துடைக்க முடியாது.

பியூகிளில் ஊதுவது "லாஸ்ட் போஸ்ட்". வெள்ளைக்காரப் பட்டாளத்தில் ராத்திரி காவல் சுற்று முடிந்தது, இனித் தூங்கலாம் என்று அறிவிக்கிற ஊதல் அது. அது முடிந்து கொஞ்சம் மௌனம், பிறகு காலையில் எழுப்புகிற ஊதல். எங்கள் பியூகிளர் ஒரு பஞ்சாபி. வழியில் எல்லாரும் சாயா குடித்தபோது அவன் மட்டும் தொடவில்லை, உதடு இளகிவிடுமாம். அவன் ஊதியதில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. வண்டியில் திரும்ப ஏறிய பிறகுதான் அவன் கை நடுங்கியது.

கே: 21 குண்டு என்கிறது ஒரு பத்திரிகை, 36 என்கிறது ஒன்று, 72 என்கிறது இன்னொன்று. எது சரி? (நாகர்கோவில்)

எல்லாமே சரியாக இருக்கலாம். சுடுவது மூன்று முறை, அதுதான் கணக்கு. 7 பேர் நின்றால் 21, 12 பேர் நின்றால் 36, போலீசில் 24 பேர் நின்றால் 72. பீரங்கியால் 21 முறை சுடுவது குடியரசு தினம் மாதிரியான நிகழ்ச்சிகளுக்கு, அது தனி. மூன்று முறை ஏன் என்றால், பழைய ஐரோப்பியச் சண்டைகளில் பிணங்களை எடுக்க இரு பக்கமும் சண்டையை நிறுத்துவார்களாம். எடுத்து முடிந்ததற்கு அடையாளமாக மூன்று முறை சுடுவார்களாம். எங்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத் சொன்ன கதை இது.

நாங்கள் 12 பேர், 36 பிளாங்க், அதாவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. அன்று எங்களிடம் இருந்தது எஸ்.எல்.ஆர். துப்பாக்கி. நிஜத் தோட்டாவில் அது தானாக அடுத்த ரவுண்டை ஏற்றிக்கொள்ளும், பிளாங்க்கில் அந்த அழுத்தம் கிடையாது. ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துவிட்டுக் காக் செய்ய வேண்டும். ஆகவே வெடிக்கும் வெடிக்கும் நடுவே 12 இரும்புச் சத்தம் ஒன்றாக வரும். வெடிச் சத்தத்துக்கு ஊரார் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு இன்றைக்கும் காதில் நிற்பது அந்த இரும்புச் சத்தம்தான்.

சுட்டு முடிந்தால் காலிக் கூட்டை, நாங்கள் "கோக்கா" என்போம், எண்ணிப் பொறுக்கித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அன்று நாயக் ராங்கில் இருந்த என் பொறுப்பு அது. கல்லறைத் தோட்டத்துச் சேற்றில் குனிந்து குனிந்து 35 பொறுக்கினேன். ஒன்று இல்லை. நிமிர்ந்தால் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் ஒரு கல்லறையில் சாய்ந்து நிற்கிறான், வலது கை இறுக மூடியிருக்கிறது. இறந்தவனின் அக்கா மகன். நான் அவன் கையைப் பார்த்தேன், அவன் என் முகத்தைப் பார்த்தான். கையைப் பின்னால் கொண்டுபோனான். ஒன்று சேற்றில் புதைந்துவிட்டது என்று சுபேதார் சாப்பிடம் சொன்னேன். அவர் பையன் பக்கம் ஒரு முறை திரும்பிவிட்டு, "புதைந்துதான் போயிருக்கும்" என்று எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு வாரம் திட்டு விழுந்தது, பரவாயில்லை.

கே: ஓய்வுபெற்ற பட்டாளத்தார் ஒருவர் இறந்தபோது கடையில் தேசியக் கொடி வாங்கி நாங்களே போர்த்தினோம். தப்பா? (தக்கலை)

அன்பில் செய்தது, ஆனால் தப்புதான். அரசு, ராணுவ, துணை ராணுவ மரியாதையோடு நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே போர்த்தலாம்.

கே: என் தம்பியின் பெட்டியில் போர்த்தியிருந்த கொடி எங்கள் வீட்டில் இருக்கிறது. மஞ்சளடித்து வருகிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை. (அருமனை)

பெட்டியில் கொடியைப் போர்த்தும்போது காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். குழிக்குள்ளும் போகக்கூடாது, சிதையிலும் எரியக்கூடாது. அதனால் இறக்குவதற்கு முன் எடுத்து, காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போகும்படி மடித்து, சக்கரம் மேலே தெரிய, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி வீட்டாரிடம் கொடுப்போம்.

நான் சொன்ன ஊரில் மூன்று மணி நேர மழை. நனைந்த கதர் என்ன கனம் கனக்கும் தெரியுமா? மடிக்க மடிக்கத் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது. ஓரத்தில் செம்மண் கறை. ஆபீசர் அதை அப்பாவின் கையில் கொடுத்தார். அவர் மரம் வெட்டுகிற ஆள், அதாவது ரப்பர் பால் எடுப்பவர். கொடியை அப்படியே ஏந்திக்கொண்டு என் பக்கம் வந்து, ரகசியம் கேட்கிற மாதிரி, "சாரே, இதைத் துவைக்கலாமா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "வீட்டுக்குள்ளே நிழலில் விரித்து உலர்த்துங்கள், மண் காய்ந்ததும் தட்டிவிடலாம்" என்றேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

உங்கள் கொடிக்கு: சுத்தமான வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப்போகும். கிழிந்து சிதைந்த கொடியை மறைவாக, மரியாதையோடு, முழுசாக அழிக்க வேண்டும், எரிப்பதே மேல் என்பது விதி. மஞ்சளடித்ததற்கெல்லாம் அது தேவையில்லை தங்கச்சி. வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நிஜமாகவே அழுகை வராதா? (திங்கள்நகர்)

வரும். பூட்ஸுக்குள் கால் கட்டைவிரலை மடக்கித் தரையில் அழுத்துவேன். கண்ணுக்கு ஒரு இடம் பிடித்துக்கொள்வேன். அன்று கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் ரப்பர் விளை. மழைக்காக எல்லா மரத்திலும் பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்த்திருந்தார்கள், ஒன்றில் மட்டும் மறந்துவிட்டார்கள். அது நிறைந்து பாலும் தண்ணீருமாக வழிந்துகொண்டிருந்தது. போதகர் ஜெபித்து முடிக்கும்வரை நான் அந்தச் சிரட்டையைத்தான் பார்த்தேன். யாருடைய மரம் என்று அப்போது யோசிக்கவில்லை.

கே: பெட்டியைத் திறந்து காட்டினீர்களா? பெற்ற தாய்க்கு முகத்தைக் காட்டாமல் எப்படி அடக்கம் செய்தீர்கள்? (கருங்கல்)

எல்லாக் கடிதத்தையும்விட உங்கள் கடிதம்தான் அம்மா என்னை உட்கார விடவில்லை. காட்டவில்லை. திறக்கக்கூடாது என்று காகிதத்திலேயே எழுதி வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள்.

பெட்டியோடு அவன் யூனிட்டிலிருந்தே ஒரு பையன் துணைக்கு வருவான். அன்று வந்தவன் கர்வால் மலைக்காரன், 22 வயது இருக்கும். மூன்று நாளாகத் தூங்கியிருக்கவில்லை. பனியில் அடிக்கிற வெயில் சாதாரண வெயில் இல்லை. அவன் மூக்கும் கன்னமும் தோலுரிந்து, உதடு வெடித்து, வெந்த மாதிரி இருந்தது. முற்றத்தில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தியும் தமிழும் இரண்டும் தெரிந்தவன் எங்களில் நான் ஒருவன்தான்.

அந்த அம்மா அழுது ஓய்ந்திருந்தார். திறக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார், மூன்றாம் முறை கேட்கவில்லை. எழுந்து நேரே அந்தப் பையனிடம் வந்தார். "இந்தப் பிள்ளைக்க மூஞ்சி என்ன இப்படி வெந்து கிடக்கு?" என்று என்னிடம் கேட்டார். பனியில் வெயில் பட்டால் அப்படித்தான் ஆகும், மேலே எல்லாருக்கும் ஆகும் என்றேன்.

"எனக்க மவனுக்க மூஞ்சியும் இப்படித்தான் இருக்குமா மக்களே? அவன்கிட்ட கேளு."

கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமா அம்மா, இதே மாதிரிதான்" என்றான். நான் தமிழில் சொல்வதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தார். நெற்றி, மூக்கு, உரிந்த கன்னம், வெடித்த உதடு, ஒவ்வொன்றாகத் தடவினார். அவனுக்கு எரிந்திருக்கும். அசையவில்லை. எங்களுக்குக் கொடுத்த டிரில் எதிலும் அது கிடையாது.

அப்புறம் அவர் யாரையோ கூப்பிட்டு, "இந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொடுங்க" என்றார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் பயறும் வந்தது. அவன் திண்ணையில் உட்கார்ந்து குடித்தான்.

மறுநாள் விமானம் ஏறுவதற்கு முன் அவனிடம் விலாசம் வாங்கிக்கொண்டேன். பெயர், நம்பர், 56 ஏ.பி.ஓ. என்கிற பட்டாளத் தபால் எண், அவ்வளவுதான். டைகர் ஹில் பிடித்த செய்தி ரேடியோவில் வந்த வாரம் ஒரு கடிதம் போட்டேன். பதில் ஆகஸ்டில் வந்தது, ஒரு இன்லண்டில் எட்டு வரி. சௌக்கியம் என்றும், தன் கம்பெனி கீழே இறங்கிவிட்டது என்றும் எழுதியிருந்தான். கடைசி வரியில், "என் மூஞ்சி ஆறிவிட்டது, பழைய மாதிரி ஆகிவிட்டது என்று அந்த அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றிருந்தது.

அந்த ஓணத்துக்கு லீவில் வந்தேன். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். போனேன், சாயா குடித்தேன், அவன் நன்றாக இருக்கிறான் என்றேன். கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை.