பழைய டிராவல் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) கழிவுத் தொட்டி ஒழுகுகிறது. ஒட்டினால் போதுமா, தொட்டியையே மாற்ற வேண்டுமா?

தொட்டி எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்காமலே "எபாக்சிப் பசை பூசி அடைத்துவிடு" என்பவர்களும், "தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டு" என்பவர்களும்தான் எங்கும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பிடமும் அறிவுரை கேட்டு அலுத்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

நீங்கள் சொல்வது டாய்லெட்டுக்குக் கீழே மலமும் சிறுநீரும் சேரும் பிளாக் டேங்க் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் மிகப் பழைய வண்டிகள் பலவற்றில் குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்குத் தனித் தொட்டியே கிடையாது. வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்ததும் தொட்டி விரிசல் விட்டுவிட்டது என்று முடிவு செய்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். வெளியேற்றும் வால்வின் ரப்பர் சீல் காய்ந்து போயிருந்தாலும் ஒழுகும், டாய்லெட்டைத் தொட்டியோடு இணைக்கும் வளையமான ஃபிளேஞ்சின் சீல் போயிருந்தாலும் ஒழுகும். அடியில் தகடு மூடியிருந்தால், ஒழுகுவது ஓரிடம், சொட்டுவது வேறிடம்.

என்னுடையது எழுபதுகளில் வந்த வண்டி. அதில் இரண்டு சீலும் நன்றாகவே இருந்தன, தொட்டியின் மூலையில்தான் விரிசல் விட்டிருந்தது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதன் மேல் அடுக்கடுக்காகச் சிலிகான் அப்பியிருந்தார். ஒரு பட்டறையில் பழைய வண்டியைத் தொடவே மாட்டோம் என்றார்கள். இன்னொன்றில் குனிந்துகூடப் பார்க்காமல் முழுசாக மாற்ற வேண்டும் என்று விலை சொன்னார்கள். சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று இறங்கினேன்.

தொட்டியைக் கழற்றிப் பலமுறை அலசி, திறந்த வெளியில் காயவிட்டேன். எடுத்த எடுப்பில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றாதீர்கள். சிறுநீரின் மிச்சத்தில் இருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைப் பாதிக்கும் வாயு வரும். தொட்டிக்குள் இருக்கும் வாயு முழுக்க வெளியேறும்வரை, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம், உள்ளே தீப்பற்றக்கூடிய மீத்தேன் தங்கியிருக்கலாம்.

பிறகு ஓரத்திலிருந்து ஒரு சீவல் எடுத்து, சோப்புத் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் அமுக்கி விட்டேன். மூழ்கியது. அப்படியானால் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். இந்தத் தொட்டிகளுக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்தபோது மேற்பரப்பு பிசுபிசுத்தது, சந்தேகம் தீர்ந்தது. ஏபிஎஸ் என்றால் பாதிக் கவலை விட்டது. அதற்கான பசை பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். விரிசல் மேலும் ஓடாமலிருக்க இரண்டு முனையிலும் சிறு துளை போட்டு, சுற்றிலும் சுரண்டி, அகலமான ஏபிஎஸ் தகட்டுத் துண்டை மேலே ஒட்டினேன். பாலிஎத்திலீனாக இருந்திருந்தால் இது எதுவும் பலித்திருக்காது. அதில் சாதாரணப் பசையோ எபாக்சியோ பிடிக்காது, அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கிப் பற்றவைக்க வேண்டும். கை பழகாதவர்கள் அதில் இறங்காமலிருப்பது நல்லது.

ஒட்டுவதைவிட முக்கியமானது, விரிசல் ஏன் வந்தது என்பது. என் வண்டியில் தொட்டியைத் தாங்க வேண்டிய இரும்புப் பட்டை துரு தின்று அறுந்திருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எண்பது லிட்டர் தொட்டி நிறைந்தால் எண்பது கிலோ, அதை டாய்லெட் ஃபிளேஞ்ச் மட்டும் பிடித்துக்கொண்டு குழியிலும் மேட்டிலும் குலுங்கினால் மூலை விரிசல் விடாமல் என்ன செய்யும்? பட்டையை மாற்றாமல் எவ்வளவு ஒட்டினாலும் அடுத்த பயணத்தில் மறுபடி ஒழுகும். சுத்தம் செய்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் மேலே ஏற்றினேன்.

மலத்தொட்டிக்கு ஒட்டுப்போடுவது சுகாதாரமா என்று யாராவது கேட்பீர்கள். சொட்டுகூடக் கசியாத தொட்டியில் என்ன சுகாதாரக் குறைவு என்று எனக்குப் புரியவில்லை. நான் பிளம்பர் இல்லை, என் கையால் செய்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். எல்லாத் தொட்டியையும் காப்பாற்றலாம் என்றும் சொல்லவில்லை. துளை போடும்போதே பிளாஸ்டிக் சில்லுச் சில்லாக உதிர்ந்தாலோ, இரும்புத் தொட்டியாக இருந்து துரு ஓட்டை போட்டிருந்தாலோ மாற்றிவிடுங்கள். புதுசு வாங்கும்போது கொள்ளளவைவிட, வெளியேறும் துளையும் காற்றுக்குழாய்த் துளையும் பழைய இடத்திலேயே வருகிறதா என்று பாருங்கள். பெரிதாகப் போடலாம் என்ற ஆசை வரும். சக்கர அச்சுக்குப் பின்னால் எடை கூடினால் இழுக்கும் முனையில் எடை குறைந்து, வண்டி சாலையில் ஆட ஆரம்பிக்கும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் அந்த முனையில் இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் பழைய வண்டிகளை வாங்கி, உள்ளே இருக்கும் அழகான மரப் பலகைகள் மீது வெள்ளைப் பெயின்ட் அடித்து, நாலு குஷன் போட்டு "புதுப்பிக்கப்பட்டது" என்று விற்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் அடியில் குனிந்து பார்த்திருப்பார்கள்? மேலே பளபளப்பு, கீழே உளுத்த பலகையும் அறுந்த பட்டையும். என் வண்டியும் அப்படி வந்ததுதான். அந்தப் பெயின்ட்டைச் சுரண்டும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அப்புறம், தொட்டி கீழே இறங்கியிருக்கும்போதே வால்வையும் புதிதாக மாற்றிவிடுங்கள், பழசு நன்றாகத் தெரிந்தாலும். மேலே ஏற்றித் தகட்டை மூடிய பிறகு அது ஒழுகினால் இத்தனையையும் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.