சுழி பார்த்தீர்கள், அம்மாவின் காலைப் பார்த்தீர்களா?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் மார்வாரி இன ஆண் குதிரைக் குட்டி ஒன்று வாங்கினேன். இப்போது நாலு வயது. காது நுனி இரண்டும் தொட்டு நிற்கும், உடம்பில் மயிர்ச் சுழி சுத்தம். வரும் ஆடித் திருவிழாவில் இதை விற்றுவிட்டு, உயரமான நுக்ரா வெள்ளைக் குதிரை ஒன்று வாங்க ஆசை. தரகர் சொல்லும் விலை குறைவாகப் படுகிறது. எனக்குக் கோவையில் வேலை, ஞாயிறு மட்டும்தான் ஊருக்கு வருவேன். மற்ற நாளில் அம்மா (61) பார்த்துக்கொள்கிறார். போன மாதம் அவரை லேசாக உதைத்துவிட்டது. கொஞ்சம் நொண்டுகிறார், பெரிதாக ஒன்றுமில்லை. வாங்குபவரிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்கிறார் தரகர். என்ன விலை வைக்கலாம்?
- வாசகர், பவானி வட்டம்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியதில் காதுக்கும் சுழிக்கும் ஒன்றரைப் பக்கம். அம்மாவுக்கு இரண்டு வரி.

முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பிராணி லேசாக உதைக்குமா? ஒரு மாதமாக நொண்டுகிறவருக்கு ஒன்றுமில்லை என்று எந்த டாக்டர் சொன்னார்? எக்ஸ்ரே எடுத்ததாக எங்கும் எழுதவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும். கீறல் விட்ட காலோடும் நடப்பார்கள், தண்ணீர்க் குடமும் தூக்குவார்கள், மகன் கேட்டால் வலிக்கவில்லை என்பார்கள். இப்படி எத்தனை கடிதம் பார்த்துவிட்டேன்! பிள்ளைகள் அந்தப் பதிலை அப்படியே நம்பிவிடுகிறார்கள், நம்புவது சௌகரியமாக இருப்பதால்.

நாலு வயது, காயடிக்காத ஆண் குதிரை. கொள்ளும் கடலையும் போட்டு வாரத்தில் ஆறு நாள் கட்டியே வைத்தால் அந்த வலு எங்கே போகும்? தினமும் நடத்தி ஓட்டிப் பழக்க ஆள் வேண்டும். அம்மாவால் அது ஆகாது. நாளைக்கு 25, 30 லிட்டர் தண்ணீர் வைப்பதும் சாணி அள்ளுவதும் அவர்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி அதற்கு ஆபத்து. நடுராத்திரி அப்படி வந்து புரண்டால் டாக்டரைத் தேடி ஓட வேண்டியதும் அவர்தான். ஆசை உங்களுடையது, பாடு அவருடையது. சம்பாதிக்கிற மகன் செய்கிற காரியமா இது? பெற்றவளைச் சம்பளமில்லாத லாயக்காரியாக வைத்திருக்கிறீர்கள்.

தரகர் பேச்சைக் கேட்காதீர்கள். வாங்கிப் போகிற வீட்டிலும் ஒரு தாய் தீவனம் வைப்பாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பின்பக்கமாகப் போய் நிற்கும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதற்கு முன்பே, இது உதைக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆண் குதிரையைப் பழக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள். சொன்ன பிறகு அவர் என்ன தருகிறாரோ, அதுதான் விலை. கால்நடை டாக்டரிடம் கேட்டு, காயடித்து விற்பதையும் யோசியுங்கள். பொலிக்கு, அதாவது இனம் பெருக்க, வாங்குபவர் விலகிப் போவார், போகட்டும்.

இந்த ஆடிக்கு நுக்ரா வேண்டாம். வெள்ளை உடம்பு, ஓயாமல் தேய்த்துக் கழுவச் சொல்லும். அதற்கும் அம்மா கைதானே? பல ஊர்க் குதிரைகள் கூடும் இடத்தில் கிளாண்டர்ஸ் என்ற நோய் தொற்றலாம். மூக்கொழுகும் குதிரையைத் துடைத்துவிடுகிற மனிதருக்கும் அது வரலாம், உயிரையே எடுக்கலாம். நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள், 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாத குதிரையை என்றைக்கும் வீட்டு வாசலில் இறக்காதீர்கள். உங்கள் குதிரையைச் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன்பும் ரத்தம் எடுத்துப் பரிசோதித்துவிடுங்கள்.

ஞாயிறு வந்ததும் திரும்பிப் போகாமல், திங்கட்கிழமை லீவு போட்டு அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். குதிரை விற்கும்வரை லாயத்துக்கு ஓர் ஆள் பேசி வையுங்கள், சம்பளம் உங்கள் கையிலிருந்து.