ரெசிடென்சியும் (கலைஞர்களை அழைத்துத் தங்கவைத்து, அங்கேயே படைப்பைச் செய்ய வைக்கும் ஏற்பாடு) மியூசியமும் சேர்த்து நடத்துகிறவர்கள் அன்றாடம் என்னதான் செய்வார்கள்?

எனக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஒன்றுதான்: அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருக்கும் மேட்ரஸ் ஃபேக்டரி என்ற கலை மியூசியம். அந்த ஊரில் சில காலம் இருந்தேன். பிட்ஸ்பர்க் என்றால் நம்மவர்களுக்குப் பென் ஹில்ஸ் பெருமாள் கோவில்தான். வீட்டுக்கு வருகிறவர்களைக் கோவிலுக்குக் கூட்டிப்போய், புளியோதரை சாப்பிட்ட கையோடு இங்கேயும் இழுத்துக்கொண்டு போவேன். பாதிப் பேர் "இதுக்கா டிக்கெட்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

1975இல் பார்பரா லுடராவ்ஸ்கி என்ற சிற்பி, மெத்தைக் கம்பெனி ஒன்றின் பழைய ஆறு மாடிக் கிடங்கை வாங்கினார். 1977இல் அது மேட்ரஸ் ஃபேக்டரி ஆனது. சீக்கிரமே மைக்கேல் ஒலைனிக் என்பவரும் வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் பல பத்தாண்டுகள் சேர்ந்து நடத்தினார்கள், குடியிருந்ததும் அதே கட்டடத்தின் மேல்மாடியில்தான். ஆபீஸ் நேரம் என்று ஒன்று அவர்களுக்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாதாரண மியூசியம் முடிந்த படைப்பை வாங்கும், மாட்டும், காவல் போடும். இங்கே அழைப்பது கலைஞரையே. அவர் வந்து தங்கி, அந்தக் கட்டடத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்யப்போகிறார் என்பதே தெரியும். ஒருவர் சுவரை இடிக்கச் சொல்வார், இன்னொருவர் தரையைத் தோண்டச் சொல்வார். தங்குமிடம், படிக்காசு, மரம், வயர், பெயிண்ட், தச்சர் எல்லாம் நடத்துகிறவர்கள் பொறுப்பு. கல்யாணத்தில் பெண் வீட்டார் படுகிற பாடுதான், வருஷம் முழுக்க. கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலானவற்றைப் பிரித்துப்போட்டுவிட்டு அடுத்தவருக்கு அறையைத் தயார் செய்ய வேண்டும்.

2004இல் கூபாவிலிருந்து கலைஞர்களை அழைத்தார்கள். அமெரிக்க அரசு விசா தரவில்லை. வேறு யாராக இருந்தாலும் நிகழ்ச்சி ரத்து என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். இவர்களோ, கலைஞர்கள் அங்கிருந்தே சொல்லச் சொல்ல, தங்கள் ஆட்களை வைத்தே அத்தனையையும் கட்டி, கண்காட்சியை நடத்திக் காட்டினார்கள். இந்த வேலைக்கு எப்படிப்பட்டவர்கள் தேவை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கலை வரலாறு படித்திருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் அடுத்தவர் மனதில் இருப்பதை ஆணி அடித்து நிறுத்தத் தெரிவது.

நிரந்தரமாக வைத்திருக்கும் சில படைப்புகள் வேறு விதமான தலைவலி. வெளிச்சத்தை வைத்தே படைக்கும் கலைஞர் ஜேம்ஸ் டரெல் 1983இல் செய்த ‘டானயி’யில், தூரத்திலிருந்து பார்த்தால் சுவரில் ஊதா நிறச் செவ்வகம் ஒன்று தெரியும். ஏதோ பெயிண்டிங் என்று நினைத்து என் மாமா கையை நீட்டினார், கை உள்ளே போய்விட்டது. அது சுவரில் வெட்டிய திறப்பு. அந்தப் பக்கம் வெளிச்சம் நிரம்பிய இன்னொரு அறை. அதே வருஷத்து ‘ப்ளையடீஸ்’ இன்னும் மோசம். கும்மிருட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஏறிப்போய் உட்கார வேண்டும். கண் பழகக் கால் மணி நேரமாவது ஆகும், அப்புறம்தான் ஏதோ ஒன்று தெரிய ஆரம்பிக்கும். எங்கிருந்தோ ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தால் போச்சு. நாற்பது வருஷமாக ஒரு இருட்டைப் பராமரிப்பதற்கும் சம்பளத்துக்கு ஆள் வேண்டும், பட்ஜெட்டில் அதற்கு என்ன தலைப்பு போடுவார்களோ.

குறையும் உண்டு. இப்படிப்பட்ட இடங்கள் தொடங்கியவர்களின் ரசனையையும் பிடிவாதத்தையும் நம்பியே ஓடுகின்றன. லுடராவ்ஸ்கி 2018இல், 88 வயதில் காலமானார். இப்போது மற்ற மியூசியங்களைப் போல நிர்வாக இயக்குநர், வாரியம் என்று முறைப்படி நடக்கிறது. கலைஞர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் யோசனையில் கேட்டிருந்தால், ரெஸ்யூமேயில் தச்சு வேலையோ எலக்ட்ரிகல் வேலையோ தெரியும் என்பதை மறக்காமல் போடுங்கள்.