வாளை மீன் மீண்டும் பெருக: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனகராயன் ஆற்று மடுக்களில் வாளை இப்போது அரிதாகத்தான் படுகிறது. எங்கள் மீன்பிடிச் சங்கத்திடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. குஞ்சு வாங்கி விட்டால் போதாதா? ஆய்வு என்று காலம் கடத்த வேண்டுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: குஞ்சு விடுவதைக் கடைசி வேலையாக வையுங்கள். முன்பிருந்த வாளையை அழித்தது எதுவோ, அது இன்னும் ஆற்றில் இருந்தால் புதுக் குஞ்சும் மிஞ்சாது.

வன்னி ஆறுகள் மாரியில் ஓடி, கோடையில் மடுமடுவாக அறுந்துவிடுகின்றன. அடுத்த மழைவரை இனத்தைத் தாங்குவது அந்த மடுக்கள்தான். வைகாசியிலேயே அவற்றை வரைபடத்தில் குறித்து, புரட்டாதிவரை மாதம் ஒருதரம் போய்ப் பாருங்கள். ஆழம் எவ்வளவு, நீர்ப்பம்பி வைத்து இறைக்கிறார்களா, மணல் அள்ளுகிறார்களா, நஞ்சு கலந்த அடையாளம் உண்டா என்று எழுதி வையுங்கள். கரைந்த ஒட்சிசனைச் சூரியன் எழுமுன் அளக்க வேண்டும். பகலில் பாசி ஒட்சிசன் விடுவதால் நண்பகல் அளவு பெரும்பாலும் நன்றாகவே தெரியும். இரவு முழுக்க எல்லா உயிரும் மூச்சுக்கு எடுத்தபின் மிஞ்சுவதுதான் உண்மையான கணக்கு. லீற்றருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான மீன்கள் திணறும். விரால் மேலே வந்து காற்றைக் குடித்துத் தப்பும். வாளைக்கு அது முடியாது. அதனால் 'விரால் இருக்கிறதே, மடு நல்லாத்தானே இருக்கு' என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஏறுபாதை. மாரி வெள்ளத்தோடு வாளை முட்டையிட வெள்ளம் பரந்த தாழ்நிலங்களுக்கு ஏறும். வெள்ளம் வந்த முதல் மூன்று நாளும் அணைக்கட்டுக்குக் கீழேயும் மேலேயும் ஒரே அளவு நேரம் பிடித்துப் பாருங்கள். கீழே கூட்டமும் மேலே வெறுமையும் என்றால், உங்கள் பணம் போக வேண்டிய இடம் மீன் அணைக்கட்டைத் தாண்டி ஏறுவதற்கான படிக்கட்டு.

கேள்வி: ஒரு மடுவில் மூன்று தரம் வலை போட்டும் வாளை படவில்லை. 'இல்லை' என்று பதியலாமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மீன் இருக்கும்போது ஒரு முயற்சியில் அகப்படும் வாய்ப்பு 40 வீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தரமும் தவறிப்போகும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, ஏறக்குறைய 22 வீதம். ஆறு தரம் பார்த்தால் அது 5 வீதத்துக்கு இறங்கும். ஒவ்வொரு தரமும் அதே கண்ணளவு வலை, அதே நேரம், அதே நீளம் என்று இருக்க வேண்டும். வெறும் வலையோடு வந்த நாளையும் கட்டாயம் எழுதுங்கள். பட்ட நாளை மட்டும் எழுதிய குறிப்பேடு எதற்கும் உதவாது.

கேள்வி: மடுவிலுள்ள மீனை எண்ணுவது எப்படி? மீன் சாகாமல் செய்ய முடியுமா?
– ஆசிரியை, முருங்கன்

பதில்: அடையாளமிட்டு விட்டு, திரும்பப் பிடிக்கும் முறை இருக்கிறது. 60 மீனுக்கு அடையாளமிட்டீர்கள். பத்து நாள் கழித்து 50 பிடித்ததில் 12 அடையாளத்தோடு வந்தன என்றால், மூன்று எண்ணோடும் ஒன்றைக் கூட்டி, 61 × 51 ÷ 13 – 1, அதாவது சுமார் 238 மீன். 12க்குப் பதில் 3 மட்டுமே வந்திருந்தால் விடை 777 ஆகிவிடும். மீளப் பிடிபட்டவை பத்துக்குக் குறைந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். இரண்டு பிடிப்புக்கும் இடையில் மீன் வெளியேறவோ உள்ளே வரவோ கூடாது. ஆகவே மடு அறுந்து நிற்கும் ஆவணிதான் ஏற்ற காலம்.

செவுள்வலையைத் தவிருங்கள், மீன் நெரிபட்டுச் சாகும். மீன் பிடிக்கும் கூடு, வீச்சுவலை இரண்டும் போதும். மீனை மயக்க, கிராம்பு எண்ணெய் ஒரு பங்கை ஒன்பது பங்கு எதனோலில் கரைத்து, அதில் 4 மில்லிலீற்றரை 10 லீற்றர் ஆற்றுநீரில் கலக்குங்கள். எண்ணெயை நேரே ஊற்றினால் கரையாமல் மேலே மிதக்கும். மீனுக்குச் சேரும் அளவு உங்கள் கையில் இராது. மீன் சரிந்ததும் ஈரத்துணியில் கிடத்தி, அடையாளமாக வயிற்றுச் செட்டையின் நுனியில் பயற்றம் பருப்பளவு வெட்டுங்கள். அந்தத் துண்டை 95 வீத எதனோலில் போட்டு வைத்தால் பின்னர் மரபணு ஆய்வுக்கும் ஆகும். உலர்ந்த கையால் தொட்டால் வழுவழுப்புப் போய் அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வாளையின் வாய்ப்பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள், பற்கள் கூரானவை. நல்ல தண்ணீரில் நிமிர்ந்து நீந்தத் தொடங்கிய பிறகே மடுவில் விடுங்கள்.

கேள்வி: குஞ்சு பொரிக்க வைக்கத் தாய்மீன் எத்தனை வேண்டும்? வேறு ஆற்றிலிருந்து கொண்டுவரலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: முடிந்தவரை அதே ஆற்று மீன். எண்ணிக்கையைவிட ஆண் பெண் சமநிலை முக்கியம். கணக்கு 4 × ஆண் × பெண் ÷ மொத்தம். 20 ஆணும் 5 பெண்ணும் இருந்தால் 4 × 20 × 5 ÷ 25 = 16; அதாவது 25 மீன் வளர்த்தும், மரபுப் பலம் 16 மீனுக்கே. 25 ஆண், 25 பெண் என்றால் 50 முழுதாகக் கிடைக்கும். வாளைக் குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும். வாரம் இருதரம் அளவு பார்த்துப் பிரிக்காவிட்டால் தொட்டியில் சில கொழுத்த குஞ்சுகளே மிஞ்சும், அவையும் ஒரே தாயின் பிள்ளைகளாக இருக்கலாம்.

பிடிப்பதற்கு முன்பே வனசீவராசிகள் திணைக்களத்திடமும் நக்டாவிடமும் (தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை) எழுத்தில் அனுமதி கேளுங்கள். ஆவணியில் வேலை என்றால் விண்ணப்பம் மாசியிலேயே போய்ச் சேரட்டும்.