பயிற்சிக்கு எந்த இலவச மென்பொருள்?

கேள்வி: வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் ஒழுங்காக வாசிக்கும் மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் வேகமாக ஓட்டித் தடுமாறுகிறார்கள். அவர்கள் பயிற்சிக்கு இலவச மென்பொருள் ஏதாவது உண்டா? எனக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு.

பதில்: முதலில் ஒலியைப் பதிவு செய்து திருத்தும் ஆடாசிட்டி (Audacity) என்ற மென்பொருளை மட்டும் நிறுவுங்கள். உங்கள் சிக்கலில் முக்கால்வாசி அதிலேயே தீரும். 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பாடத்தை நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள். மாணவர் தடுமாறும் இடத்தை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் ‘சேஞ்ச் டெம்போ’வைத் திறந்து -30 என்று கொடுங்கள். வேகம் 30 சதவீதம் குறையும், சுருதி அசையாது. அதே மெனுவில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ என்று இன்னொன்று இருக்கும். அதைப் போட்டால் சுருதியும் கூடவே இறங்கிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயியே கீழே போய்விடும். பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரொம்பவும் மெதுவாக்கினால் வில் உராயும் ஒலி கரகரக்கும். அப்படிக் கேட்டால் நீங்களே மெதுவாக வாசித்துப் பதிவு செய்து கொடுப்பதுதான் நல்லது.

முடிந்ததும் ‘சேவ்’ கொடுத்தால் வருவது ஆடாசிட்டியின் சொந்தக் கோப்பு. அதை மாணவரின் போனில் திறக்க முடியாது. ‘எக்ஸ்போர்ட்’ மூலம் எம்பி3 ஆக்கி அனுப்புங்கள். அப்புறம், மாணவர் உங்கள் பதிவோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வதாக இருந்தால் ஹெட்ஃபோன் கட்டாயம். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒலியும் மைக்கில் ஏறி, யார் வாசித்தது எது என்றே பிரித்துக் கேட்க முடியாது.

மேற்கத்திய முறையில் ஸ்வரக்குறிப்பு எழுதித் தருபவர் என்றால் மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ போதும். எழுதியதை அதுவே வாசித்தும் காட்டும். இந்த நிரல் முழுக்க இலவசம். அதே பெயரில் குறிப்புகளைப் பகிரும் இணையதளம்தான் சந்தா கேட்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

வாய்ப்பாட்டு மாணவர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சோனிக் விஷுவலைசர். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது. பிஒய்ஐஎன் (pYIN) என்ற துணைநிரலைத் தனியாகச் சேர்த்துக்கொண்டால், பாடும் குரலின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும். நீண்ட ஸ்வரத்தைப் பிடிக்கும்போது மூச்சு குறையக் குறையக் கோடு மெல்லச் சரிவதை மாணவர் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் தனிக்குரல் பதிவுதான் வேண்டும். தம்புராவோ வேறு வாத்தியமோ கலந்தால் கோடு தாறுமாறாகத் தாவும்.

இதை மாதம் ஓரிரு முறை காட்டினால் போதும் என்பது என் கருத்து. முதலில் பதிவைப் போட்டு, எங்கே இறங்கியது என்று மாணவரையே சொல்லச் சொல்லுங்கள். அதற்கப்புறம் திரையைத் திருப்புங்கள்.